ஒரு வினா, பல மறுமொழிகள்: பிளேட்டோ நோட்ஸும் கல்வியில் வலையுரையாடலின் தொடக்கமும் (1973–1976)

வலைவழி உரையாடலின் வரலாற்றை எழுதுவோர் எவரும் டேவிட் வூலியின் 1994ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடாமல் போக முடியாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்னும் கணினிக் கல்வி அமைப்பில் ‘நோட்ஸ்’ நிரலை எழுதியவர் அவரே. 1973 ஆகஸ்டில் அது பயன்பாட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 17. படைத்தவரே எழுதிய வரலாறு என்பதால் அந்தக் கட்டுரைக்குச் சாட்சியத்தின் மதிப்பு உண்டு. அதில் அவர் சொல்லும் செய்திகளை நான் ஏற்கிறேன். அந்தச் செய்திகளுக்கு அவர் தரும் பொருளைத்தான் ஏற்க இயலவில்லை.

வூலியின் வாசிப்பு சுருக்கமாக இது: பிளேட்டோ கல்விக்காகக் கட்டப்பட்டது; ஆனால் அது விட்டுச்சென்றவற்றுள் நிலைத்தது பாடங்கள் அல்ல, அதில் உருவான மனிதக் கூட்டமே. அதாவது கல்வி நோக்கம், கூட்டம் விளைவு. இரண்டும் ஒரே எந்திரத்தில் நடந்த இரு வேறு காரியங்கள். பின்வந்தவர்கள் இந்தப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிரையன் டியர் பல்லாண்டு நேர்காணல்களைத் திரட்டி 2017இல் வெளியிட்ட பெருநூல் இத்துறையின் பெருஞ்செல்வம். அதுவும் தலைப்பிலேயே இணையப் பண்பாட்டின் விடியல் என்றுதான் பிளேட்டோவை அறிமுகம் செய்கிறது. இதனால் ஒரு விநோதமான நிலை ஏற்பட்டுவிட்டது. இணைய வரலாறு எழுதுவோர் பிளேட்டோவின் பாடங்களைப் படிப்பதில்லை. கல்வி வரலாறு எழுதுவோர் நோட்ஸைப் படிப்பதில்லை.

நோட்ஸ் கல்வியின் ஓரத்தில் முளைத்த தற்செயல் அன்று என்பது இக்கட்டுரையின் வாதம். பாடம் என்னும் வடிவத்தால் முடியாமல் போன வேலை ஒன்று இருந்தது. அதைச் செய்யவே நோட்ஸ் வந்தது. அதைத் தோற்றுவித்தது பாடத்தின் குறை. ஆகவே அது பாடத்தின் வரலாற்றுக்குள் அடங்கும்.

இதை நிறுவ, அந்தப் பாடங்கள் எப்படி இயங்கின என்று முதலில் பார்க்க வேண்டும். டொனால்ட் பிட்சர் 1960இல் இல்லியாக் கணினியில் ஒரே ஒரு பயனருக்காகத் தொடங்கியதும், 1967இல் பால் டென்சார் டியூட்டர் என்ற மொழியை உருவாக்கியதும், 1972இல் ஆரஞ்சு நிறப் பிளாஸ்மா திரையும் தொடுவசதியும் கொண்ட பிளேட்டோ நான்காம் வடிவம் வந்ததும் பலரும் எழுதியவை. இங்கு வேண்டியது டியூட்டரின் ஒரே ஒரு பகுதி. பாடம் எழுதுபவர் திரையில் ஓர் அம்புக்குறியை வைப்பார். மாணவர் அதற்குப் பக்கத்தில் விடையைத் தட்டச்சு செய்வார். சரியான விடை இன்னது என்று ஒரு கட்டளை. எதிர்பார்க்கக்கூடிய தவறான விடை இன்னது, அது வந்தால் இதைச் சொல் என்று இன்னொரு கட்டளை. விடை பொருந்தினால் பக்கத்தில் ‘ஓகே’ என்று விழும். பொருந்தாவிட்டால் ‘நோ’.

அன்றைய நிலையில் இது மிக நுட்பமான அமைப்பு. எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும், சொல் வரிசை மாறினாலும் அடையாளம் காணும், உதவி விசையை அழுத்தினால் கிளைப்பாடத்துக்கு அழைத்துச் செல்லும். ஆனால் எவ்வளவு நுட்பமானாலும் ஓர் எல்லை அதற்கு உண்டு. எழுதியவர் முன்கூட்டி நினைத்துப் பார்த்த தவற்றுக்குத்தான் பாடம் பதில் சொல்லும். அவர் நினைத்தே பாராத குழப்பம் ஒரு மாணவருக்கு வந்தால் திரையில் ‘நோ’ என்பதற்கு மேல் எதுவும் வராது. பாடமே தவறாக இருந்தாலும் அதேதான்: சரியாக விடை சொன்ன மாணவருக்கும் ‘நோ’. அதை முறையிட அந்தத் திரையில் இடம் கிடையாது.

அந்த இடம் எங்கே பிறந்தது என்பதற்கு வூலியின் கட்டுரையே சான்று தருகிறது. நோட்ஸ் நிரலுக்கு முன்பு, எல்லாரும் திறந்து திருத்தக்கூடிய ஒரு பொதுக்கோப்பு இருந்தது. அமைப்பில் கோளாறு கண்டவர்கள் அதில் எழுதிவைப்பார்கள். அமைப்பைப் பராமரித்தவர்கள் அதிலேயே பதில் எழுதுவார்கள். எழுதியவர் யார் என்று உறுதியாகத் தெரியாது. பெயர் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். யாரும் யாருடையதையும் அழித்துவிடலாம். சிலர் மொத்தக் கோப்பையுமே அழித்ததும் உண்டு. இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் டென்சார் ஒரு நிரல் எழுதித் தருமாறு வூலியிடம் சொன்னார்.

இந்தப் பொதுக்கோப்பு எப்போது தொடங்கியது? என் வாதத்துக்கு இந்தத் தேதி மிகவும் வேண்டியது. ஆனால் அதை நிறுவ வழியில்லை. காரணம் கோப்பின் இயல்பிலேயே இருக்கிறது. ஒவ்வொருவரும் அதைத் திருத்தித் திருத்தி எழுதியதால் புதியது பழையதை அழித்தது. தேதி தாங்கிய பதிவு என்பதே நோட்ஸ் நிரலோடுதான் தொடங்குகிறது. 1972இல் நான்காம் வடிவம் வந்த பிறகு, 1973 கோடைக்கு முன்பு என்று இரு கரைகளைக் குறிப்பது பொருத்தமாக இருக்கும். அதற்கு மேல் துல்லியம் கோருவது முறையாகாது.

கோரப்பட்ட நிரலின் வடிவத்தையும் வூலி பதிவு செய்திருக்கிறார். என் கணிப்பில் அவருடைய கட்டுரையிலேயே மிக முக்கியமான செய்தி இதுதான். ஆனால் எவரும் இதில் நின்று பார்த்ததில்லை. திரை இரு பாதியாகப் பிரிக்கப்படும். ஒரு பாதியில் பயனர் தன் முறையீட்டை எழுதுவார். மறுபாதியில் பராமரிப்பாளர் விடையளிப்பார். ஒரு வினா, ஒரு விடை, அத்தோடு சரி. வூலி இந்த வடிவத்தை எழுதத் தொடங்கும்போதே கைவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு குறிப்புக்கு 63 மறுமொழிகள் வரை, ஒவ்வொன்றும் ஒரு முழுத்திரையில், வந்த வரிசையிலேயே சங்கிலியாகத் தொடரும்படி அமைத்தார். ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும் எழுதியவர் பெயரும் தாமாகவே பதிவாகும். அழிக்கவோ வேறொருவர் பெயரில் எழுதவோ முடியாது.

கட்டப்படாமல் போன அந்தப் பாதித்திரை வடிவத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒருவர் எழுதுகிறார், அதிகாரமுள்ள ஒருவர் ஒருமுறை விடையளிக்கிறார், உரையாடல் முடிந்துவிடுகிறது. இது அம்புக்குறியும் ‘ஓகே – நோ’வும் கொண்ட பாடத்தின் வடிவமேதான், தலைகீழாக நின்றாலும். அங்கே கேட்பது எந்திரம், விடை சொல்வது மாணவர். இங்கே கேட்பது பயனர், விடை சொல்வது அமைப்பு. இரண்டிலும் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை. விடைக்குப் பிறகு ‘அது சரிதானா’ என்று கேட்கவும் இடமில்லை. டென்சார் டியூட்டர் மொழியைப் படைத்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒரே கை வரைந்த இரு வடிவங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில் வியப்பில்லை.

வடிவத்தை மாற்றியதற்கு வூலி சொல்லும் காரணங்கள் இரண்டு. பாதித்திரை சில குறிப்புகளுக்குப் போதாது என்பது ஒன்று. ஒரு கேள்விக்குப் போக்குவரத்தாகப் பேச வேண்டி வரலாம் என்பது மற்றொன்று. முதற்காரணம் இடம் பற்றியது. ஒரு பாதி போதாவிட்டால் இரண்டு திரை கொடுத்தாலே போதும், அறுபத்து மூன்று வேண்டியதில்லை. ஆகவே பாரம் முழுதும் இரண்டாவது காரணத்தின் மேல் விழுகிறது. அதை வூலி பிழைதிருத்த வசதியாகக் காண்கிறார். நான் கற்பித்தல் முறையில் நேர்ந்த மாற்றமாகக் காண்கிறேன். ஒரு வினாவுக்கு ஒரே விடை, அதுவும் மேலிருந்து வருவது என்ற ஏற்பாடு முறிந்து, ஒரு வினாவுக்குப் பல மறுமொழிகள், யாரிடமிருந்தும், எல்லாரும் காண என்ற ஏற்பாடு அங்கே நிலைபெற்றது.

63 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஆறு பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அது. பிளேட்டோ ஓடிய கன்ட்ரோல் டேட்டா கணினிகளில் ஒரு சொல்லுக்கு 60 பிட், ஓர் எழுத்துக்கு ஆறு பிட். எனவே அந்த எண்ணை எந்திரம் தந்தது என்று கொள்வது இயல்பு. ஆனால் ஒன்றிலிருந்து பலவற்றுக்குத் தாவியதை எந்திரம் தரவில்லை. கேட்கப்பட்டிருந்த ஒற்றை விடைக்கு ஒரு பிட்டே போதும்.

இவ்வளவும் ஒரு நிரலின் வடிவத்திலிருந்து கருத்தை ஊகிப்பதாகாதா என்று கேட்கலாம். ஓரளவு ஊகம்தான். ஆனால் இன்னொரு சான்று உண்டு. அது நோட்ஸில் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் இருக்கிறது.

பிளேட்டோவில் நுழைபவர் முதலில் தன் பெயரைத் தர வேண்டும். பிறகு தான் சேர்ந்திருக்கும் வகுப்பின், அல்லது பிற்காலத்தில் சொன்னபடி குழுவின், பெயரைத் தர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவர் அங்கே ஆள். குறிப்பு எழுதினால் தலையில் விழும் கையொப்பமும் அப்படியே: பெயர், ஒரு சாய்கோடு, குழுவின் பெயர். அந்தக் குழு நட்புக் குழு அன்று. ஆசிரியர் ஒருவர் தன் மாணவர்களைச் சேர்த்து, இன்னின்ன பாடங்களைப் படிக்கலாம் என்று ஒதுக்கி, அவர்களின் முன்னேற்றத்தைப் பதிந்துவைத்த அதே வகுப்புப் பதிவேடு. இணையச் சமூகத்தின் தொடக்ககால அடையாளச்சீட்டு எனத்தக்க இந்தக் கையொப்பத்தில் பாதி, வருகைப் பதிவேட்டிலிருந்து வந்தது.

கல்வி வேறு, கூட்டம் வேறு என்ற பிரிவினை இந்தச் சாய்கோட்டின் முன்னால் நிற்காது. நோட்ஸில் ஒருவர் எழுதும் ஒவ்வொரு முறையும் தான் எந்த வகுப்பிலிருந்து வருகிறோம் என்பதைச் சொல்லியே எழுத வேண்டியிருந்தது. படிப்பவருக்கும் அது தெரிந்தது. எழுதுபவர் முதலாண்டு மாணவரா, பாடம் எழுதுபவரா, அமைப்பைப் பராமரிப்பவரா என்பதைக் குழுவின் பெயரைக் கொண்டே ஊகிக்க முடிந்தது. இன்றைய சமூக ஊடகக் கணக்கு ஒன்றில் இப்படிப்பட்ட தடயம் எதுவும் கிடையாது.

இங்கே என் வாதத்துக்கு எதிரான வலுவான தடையை நானே சொல்லிவிடுகிறேன். பிளேட்டோவில் எல்லாக் கணக்கும் ஒன்றல்ல. மாணவர் கணக்கில் நுழைபவர் தமக்கு ஒதுக்கிய பாடத்துக்குள் சென்று அது முடிந்ததும் வெளியேறுவார். நோட்ஸைத் திறக்க விடலாமா என்பது பயிற்றுவிப்பவர் கையில் இருந்தது. நோட்ஸில் உலவியவர்களில் பெரும்பாலோர் பாடம் எழுதுவோரும் பராமரிப்பாளரும்தாம். அப்படியானால் வேதியியல் பாடத்தில் ‘நோ’ வாங்கிய மாணவருக்கு அங்கே என்ன கிடைத்தது?

நேரான விடை: 1973இல் மிகக் குறைவு. ஆனால் ‘பாடம் எழுதுவோர்’ என்ற சொல் நம்மை ஏமாற்றக்கூடாது. அவர்களில் பேராசிரியர்கள் இருந்தார்கள். இளநிலை மாணவர்களும் பள்ளிச் சிறுவர்களும் இருந்தார்கள். வூலியே மாணவர். அவர்கள் டியூட்டர் மொழியை எங்கே கற்றார்கள்? கையேடு இருந்தது, திரையிலேயே விளக்கப் பக்கங்களும் இருந்தன. அவற்றில் விளங்காததை நோட்ஸில் கேட்டார்கள். தொடக்கத்தில் நோட்ஸ் மூன்று பகுதிகளாக இருந்தது: அமைப்பின் அறிவிப்புகள், உதவிக் குறிப்புகள், பொதுக் குறிப்புகள். நடுவில் உள்ளதைக் கவனியுங்கள். புதிதாக வந்தவர் கேட்பதற்கென்றே ஓர் இடம், கேள்வியும் விடையும் அடுத்து வருபவர் படிக்க அங்கேயே நிலைத்து நிற்பது. ஒரு மொழியைக் கற்பதற்கு இதுவே வகுப்பறையாக இருந்தது என்று சொல்ல நான் தயங்கவில்லை. வேதியியலுக்கும் இலத்தீனுக்கும் அது வகுப்பறையாக இருந்தது என்று சொல்லும் அளவுக்கு என் வாதம் போகாது.

அடுத்தடுத்து வந்தவற்றிலும் இதே போக்கு. 1973 இலையுதிர் காலத்தில் டக் பிரவுன் எழுதிய டாக்கோமேட்டிக், ஓர் அறையில் ஐவர் வரை எழுத்தெழுத்தாகப் பேசிக்கொள்ள வைத்தது. அதையொட்டி வந்த ‘டெர்ம்-டாக்’கில் இருவர் தத்தம் திரையின் அடியில் பேசலாம், ஒருவர் அனுமதித்தால் மற்றவர் அவருடைய திரையை அப்படியே பார்க்கவும் முடியும். சிக்கிக்கொண்டவரின் திரையைத் தொலைவிலிருந்து பார்த்து வழிசொல்லும் ஆலோசகர்களுக்கு இது பெருந்துணையானது. டெர்ம்-டாக் வந்த சரியான மாதம் வூலியின் நினைவுக் குறிப்பிலிருந்து மட்டும் உறுதிப்படாது. அவர் எழுதுவது இருபதாண்டு கழித்து. 1974 ஆகஸ்டில் கிம் மாஸ்ட் தனியஞ்சலைச் சேர்த்தார். 1976 ஜனவரியில் குழு நோட்ஸ் வந்தது: எந்தப் பொருளிலும் யாரும் ஒரு குறிப்புக்கோப்பைத் தொடங்கலாம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்றும் தீர்மானிக்கலாம்.

குழு நோட்ஸைத்தான் எல்லாரும் பொழுதுபோக்குக் கூட்டங்களின் தொடக்கமாகக் காட்டுகிறார்கள். திரைப்படம், மதம், அறிவியல் புனைகதை என்று கோப்புகள் பெருகியது உண்மை. ஆனால் அதே வசதியால் ஒவ்வொரு பாடத்தோடும் ஒரு குறிப்புக்கோப்பை இணைக்க முடிந்தது. படித்துக்கொண்டிருக்கும் மாணவர் பாடத்தின் நடுவிலேயே ‘டெர்ம்’ விசையை அழுத்தி, கருத்துரை என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், எழுத இடம் திறக்கும். எழுதியது அந்தப் பாடத்தை ஆக்கியவரிடம் போய்ச் சேரும். இது எந்த ஆண்டு சேர்ந்தது என்று அறுதியிட முடியவில்லை. குறிப்புக்கோப்புகளை நம்பி இயங்குவதால் 1976க்குப் பிந்தியது என்று கருதுகிறேன். ஆண்டு எதுவானாலும், நோட்ஸுக்கு முந்தைய பொதுக்கோப்பில் தொடங்கிய வேலை இங்கேதான் மாணவர் கைக்கு வருகிறது. ‘நோ’ என்று சொன்ன திரையிலிருந்தே, அந்த ‘நோ’ தவறு என்று சொல்ல வழி பிறந்தது.

லாரி கியூபன் 1986இல் எழுதிய ‘ஆசிரியர்களும் எந்திரங்களும்’ நூலையும் இங்கே குறிப்பிட வேண்டும். கல்வித் தொழில்நுட்பம் பற்றி எழுதுவோர்மேல் அதன் செல்வாக்கு அவ்வளவு. திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி, கணினி என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் பெரும் வாக்குறுதியோடு வெளியாரால் வகுப்பறைக்குள் கொண்டுவரப்பட்டு, ஆசிரியரின் அன்றாடத்துக்குப் பொருந்தாமல் ஓரத்துக்குப் போனதை அவர் காட்டினார். முதல் மூன்றுக்கும் அவர் சொன்னது சரி. நான்காவதில் பாடம் வழங்கும் கணினிக்கும் சரி. ஆனால் உரையாடல் எந்த வெளியாரும் கொண்டுவந்து திணித்ததன்று. உள்ளே இருந்தவர்களின் முறையீட்டிலிருந்து வளர்ந்தது. அதை அந்த வரிசையில் வைக்க இயலாது.

பிளேட்டோவின் கல்விப் பயனை அளக்க நடந்த முயற்சியிலும் இதே குறை. எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனத்தின் சார்பில் மர்ஃபியும் அப்பெலும் 1977இல் அளித்த மதிப்பீடு, சமுதாயக் கல்லூரிகளில் கணக்கியல், உயிரியல், வேதியியல், ஆங்கிலம், கணிதம் ஆகிய பாடங்களை ஆராய்ந்தது. மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பிளேட்டோ பிடித்திருந்தது. தேர்வு மதிப்பெண்ணில் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது முடிவு. நேர்மையான ஆய்வு அது. ஆனால் அளக்கப்பட்டது பாடம். பாடத்தைச் சுற்றி நடந்த பேச்சு அன்று.

பிற்கால வரலாற்றை விரைந்து கடக்கிறேன். இல்லினாயில் படித்த ரே ஓஸி நோட்ஸின் கருத்தை 1989இல் லோட்டஸ் நோட்ஸாக வணிக உலகுக்குக் கொண்டுசென்றார். நியூஜெர்சியில் மரே டூரோஃப் உருவாக்கிய கணினிக் கலந்துரையாடல் அமைப்பின்மேல் ராக்சேன் ஹில்ட்ஸ் 1980களில் ‘மெய்நிகர் வகுப்பறை’யை நடத்தினார். அதற்கும் பிளேட்டோவுக்கும் நேர்த்தொடர்பு இருந்ததாகக் காட்ட நான் முயலவில்லை. ஒரே தேவை இரு இடங்களில் எழுந்திருக்கலாம். 2008இல் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீஃபன் டவுன்ஸும் மானிடோபா பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்பில் கட்டணம் செலுத்திய மாணவர் 25 பேர். இணையம்வழி இலவசமாகச் சேர்ந்தவர் ஏறக்குறைய 2,200 பேர். அங்கே பாடப்பொருளின் பெரும்பகுதி மாணவர் எழுதியவையே. மூன்றாண்டுக்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்தபோது, மையம் மீண்டும் காணொளிக்கும் தானே திருத்தும் வினாவுக்கும் திரும்பியது.

நம் ஊருக்கு இதில் உள்ள தொடர்பு நேரானது. 2020இல் பள்ளிகள் மூடியபோது தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வகுப்புகள் வாட்ஸ்அப் குழுக்களுக்கு மாறின. நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்ற ஏற்பாடு அந்தச் செயலியில் 2018லேயே வந்துவிட்டது. எத்தனையோ வகுப்புக் குழுக்கள் அப்படிப் பூட்டப்பட்டன. வீண்செய்திகள் குவிவதைத் தடுக்க ஆசிரியர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அந்தக் குழு, 1973இல் கைவிடப்பட்ட பாதித்திரைக்கும் பின்னால் நிற்கிறது. பாதித்திரையில் கேட்பவருக்கு ஒரு பாதியாவது இருந்தது. கற்றலுக்கான வலைத்தளங்களை இன்று தமிழில் வடிவமைக்கும் நண்பர்கள், காணொளியின் தரத்துக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கையாவது ‘இந்தப் பாடம் தவறு’ என்று மாணவர் எழுதும் இடத்துக்கும், அந்த எழுத்தைப் பிற மாணவர் காணும் வசதிக்கும் ஒதுக்க வேண்டும்.

என் வாசிப்பை ஏற்காதவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பழைய பிளேட்டோவின் மென்பொருளைப் பழைய கணினியின் போன்மத்தில் ஆர்வலர்கள் ‘சைபர்1’ என்ற பெயரில் இன்றும் இயக்கிவருகிறார்கள். விண்ணப்பித்தால் இலவசமாகக் கணக்குத் தருவார்கள். பெயரையும் குழுவையும் தந்து உள்ளே நுழைந்து, ஒரு பாடத்தைத் திறந்து, நோட்ஸில் ஒரு குறிப்பும் எழுதிப் பாருங்கள். அந்தச் சாய்கோட்டுக்கு வேறு பொருள் சொல்ல முடிந்தால் எழுதுங்கள். அதைக் கேட்கக் காத்திருக்கிறேன்.